இரண்டு மணிக்குத்தான் அறை

சூடாக இருக்கிறாளா, இல்லை என் கைதான் சில்லிட்டுக் கிடக்கிறதா, இது ஒன்று தெரிந்தால் போதும். சோபாவுக்கு நேர் மேலே ஏசி துவாரம். முக்கால் மணி நேரமாக உச்சந்தலையில் ஊதிக்கொண்டிருக்கிறது, விரலெல்லாம் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெண்டைக்காய் மாதிரி ஆகிவிட்டது, இந்த விரலால் யாரைத் தொட்டாலும் சூடாகத்தான் தெரியும். உதட்டை வைத்துப் பார்த்தேன். நெற்றி சுடவில்லை. பின்கழுத்து சுடுகிறது. பின்கழுத்தில் இவ்வளவு நேரம் என் கை அணைத்திருந்தது, அந்தச் சூடாகவும் இருக்கலாம். மிதுளா என் மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். பதினாலு மாதக் குழந்தை, பன்னிரண்டு மணிக்கு வீட்டில் மிக்ஸி மூடியைத் தட்டிக்கொண்டு திரிவாளே தவிர ஒருநாளும் தூங்கமாட்டாள். கார் ஆட்டத்தில் தூங்கியிருப்பாள். அயனாவரத்திலிருந்து கோவளம் வரை ஒன்றேகால் மணி நேரம் காரில் வந்தால் யாரும் தூங்குவார்கள். அப்படித்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். எதிரே வரவேற்பு மேஜையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறார் கிரிதரன், என் கணவர், குழந்தையின் அப்பா, இந்த ஹோட்டலில் ஓர் இரவை ஒரு பைசா கொடுக்காமல் வாங்கியவர். முதுகைப் பார்த்தாலே தெரிகிறது, சந்தோஷமாகச் சண்டை போடுகிறார்.

"சார், இது ரிவார்ட் புக்கிங். செக்-இன் ரெண்டு மணிக்குத்தான் சார்."

"ரிவார்ட் புக்கிங்னா என்னங்க, ஓசியா? அதுவும் பாயின்ட்தான். பாயின்ட்டும் காசுதான்."

"நான் அப்படிச் சொல்லல சார்."

"காலியா இருக்கிற ரூமைக் குடுக்கறதுல உங்களுக்கு என்ன நஷ்டம்? அப்படியே கடல் பாத்த மாதிரி குடுத்துடுங்க."

அந்தப் பெண் சிரிக்கிறாள். சட்டையில் குத்தின பெயர் வில்லையில் ஷெரின் என்று எழுதியிருக்கிறது, இருபத்திரண்டு வயதிருக்கும், காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற கால். கடல் பார்த்த அறை, கிரெடிட் கார்டு பாயின்ட்டில் வருகிற ஆட்களுக்குக் கிடையாதாம். பாயின்ட் ஆட்களுக்குக் கார் நிறுத்துமிடம் பார்த்த அறை. பாயின்ட் ஆட்களுக்குக் காலைச் சாப்பாடு கிடையாது, சனி ஞாயிறு கிடையாது, செவ்வாய் புதன்தான், அதற்காக இவர் ஆபீசில் லீவு போட்டார். குழந்தைக்கு உடம்பு முடியாமல் போனபோது மூன்றாம் நாளே லேப்டாப்பை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து உட்கார்ந்தவர், லீவு தீர்ந்துவிடும் என்று. இதற்கு லீவு இருந்தது. ஆஃபரில் வந்த பாயின்ட், மாதக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் செத்துப்போகுமாம். செத்துப்போகும் என்று அதே வார்த்தையைத்தான் சொன்னார், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, செல்லில் விரலால் தள்ளிக்கொண்டே, நாற்பத்தெட்டாயிரமும் செத்துப்போகும் மஞ்சு என்று. அந்த வார்த்தையை இந்தக் குழந்தையின் தலைக்கு மேலே வைத்து எப்படிச் சொல்ல வருகிறது ஒரு மனுஷனுக்கு? நான் எழுந்துபோய் அடுப்பைத் துடைத்தேன். துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்தேன்.

அந்த நாற்பத்தெட்டாயிரம் எங்கிருந்து வந்தது என்று இந்த லாபியில் ஒருவருக்கும் தெரியாது. அது மிதுளாவின் ஐந்து நாள். இரண்டு மாதம் முன்னால் அவளுக்குக் காய்ச்சலில் ஃபிட்ஸ் வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, தலையில் வயர் வயராக ஒட்டி எடுத்த டெஸ்ட், முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தது, கையில் நரம்பு கிடைக்காமல் காலில் குத்தி, காலிலும் கிடைக்காமல் தலையில் குத்தினது, அத்தனையும் சேர்ந்து ஒரு பில். அவர் கம்பெனி இன்சூரன்சில் ஒரு பைசா கட்டாமல் நேராக வெளியே வந்திருக்கலாம். இவர் வேண்டாம் என்றார். கார்டில் தேய்த்துக் கட்டிவிட்டு அப்புறம் இன்சூரன்சில் திருப்பி வாங்கிக்கொள்கிறேன், பணமும் வந்துவிடும், பாயின்ட்டும் நிற்கும் என்றார். எவ்வளவு புத்திசாலி. என் நாத்தனாரிடம் போனில் இதைச் சொல்லிக் கொண்டாடினார், "ஹாஸ்பிடல் பில்லுக்கு டபுள் பாயின்ட் அக்கா, எவனுக்கும் தெரியாது." குத்தின ஒவ்வொரு ஊசிக்கும் டபுள். நேற்று அவரிடம் நம்ம ஃப்ரீ ஹோட்டல் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், உடனே திருத்தினார், "ஃப்ரீ இல்ல மஞ்சு, நாம சம்பாதிச்சது." நாம். சம்பாதிச்சது. யார் சம்பாதித்தது கிரி? உங்களுக்குக் குத்தினார்களா? எனக்குக் குத்தினார்களா?

பின்கழுத்து இன்னும் சுடுகிறது. கையை எடுத்து ஐந்து நிமிஷம் ஆயிற்று.

பயப்படாதே மஞ்சரி. தூங்குகிற குழந்தை கொஞ்சம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பயந்தால் எனக்குக் கை கால் ஓடாது, அதுதான் எனக்குப் பயமே. எங்கள் பள்ளிக்கூடத்தில் சைலன்ஸ் பெல் என்று ஒன்று உண்டு, கடலூரில் கன்னியாஸ்திரிகள் நடத்தின பள்ளி, பத்து வருஷம் படித்தேன். அந்த மணி அடித்தால் எங்கே எப்படி இருக்கிறோமோ அப்படியே நின்றுவிட வேண்டும். டம்ளர் வாயருகே இருந்தால் வாயருகே. ஒற்றைக்காலில் இருந்தால் ஒற்றைக்கால். ரெண்டாவது மணி அடித்தால்தான் அசையலாம். சிஸ்டர் லியோனி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவார், நான் அசையவே மாட்டேன், அதற்கு எனக்கு ஒரு தரம் பரிசு கூடக் கொடுத்தார்கள், மாதா படம் போட்ட புத்தக அடையாள அட்டை. நல்ல பெண். குரல் அடுத்த பெஞ்சைத் தாண்டக் கூடாது, கால் விரித்து உட்காரக் கூடாது, எதிர்த்துப் பேசினால் அழகில்லை. அன்றைக்கு மிதுளாவின் கண் மேலே செருகி, கை இரண்டும் வெட்டி வெட்டி இழுத்து, உதட்டோரம் நீலமானபோது நான் கட்டில் பக்கத்தில் பால் பாட்டிலைப் பிடித்தபடியே நின்றேன். நின்றேன். கத்தவில்லை. தூக்கவில்லை. ஒன்றும் செய்யவில்லை. யாரோ மணி அடித்த மாதிரி. அவர்தான் குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத்துண்டோடு ஓடிவந்து, குழந்தையை ஒருக்களித்துப் பிடித்து, என்னைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு மூன்று மாடி இறங்கினார், செருப்பில்லாமல், சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு. அதை நான் மறக்கவில்லை. மறக்க முடிந்தால் இந்த ஆளைத் திட்டுவது எவ்வளவு சுலபமாக இருக்கும். ஒவ்வொரு தரமும் மனசுக்குள் திட்ட ஆரம்பித்து நல்ல வேகத்தில் போகும்போது அந்த வெறுங்கால் குறுக்கே வந்து நிற்கிறது.

ஆனால் அதே கால்தானே கேஷ் கவுண்டரில் போய் நின்றது. குழந்தையை எமர்ஜென்சியில் உள்ளே எடுத்துக்கொண்டார்கள், டெபாசிட் கட்டிவிட்டு வாங்க என்றார்கள், நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து எடுத்த கார்டு மிஷினில் போகவில்லை. கேஷியர் க்யூஆர் அட்டையை எடுத்துக் காட்டினார், இதில் போட்டுவிடுங்கள் சார் என்று. இவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார், அதில் போட்டால் பாயின்ட் வராது. வேறு மிஷின் இருக்கிறதா என்று கேட்டார். வேறு மிஷின் மருந்துக் கடையில் இருந்தது. ஒரு பையன் போய் எடுத்து வந்தான். அதிலும் சிக்னல் இல்லை. இவர் அந்த மிஷினை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நடந்தார், ஈரத்தலையோடு, வெறுங்காலோடு, ஆரத்தி காட்டுகிற மாதிரி. உள்ளே என் குழந்தை. பத்து நிமிஷம் இருக்கும். பிற்பாடு நர்ஸ் சொன்னாள், டெபாசிட்டுக்காக யாரும் காத்திருக்கவில்லை, உள்ளே போனதுமே மருந்து ஏற்றிவிட்டோம் என்று. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதுதான் அவருக்கு வசதி. ஒன்றும் கெட்டுப்போகவில்லையே, பின்னே என்ன உனக்கு என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? கெட்டுப்போகாது என்று உங்களுக்கு அப்போது தெரியாதே, தெரியாமலேதானே மிஷினைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள் என்று சொல்ல வேண்டும். இரண்டு மாதமாக இந்த வாக்கியத்தை வைத்திருக்கிறேன். சோறு பிசையும்போது சொல்கிறேன், துணி மடிக்கும்போது சொல்கிறேன். வாயைத் திறந்தால் தோசை ரெண்டா மூணா என்றுதான் வருகிறது.

இதில் நான் மட்டும் யோக்கியமா? இந்த ஹோட்டலைக் காட்டினது நான். ஆஸ்பத்திரியில் நாலாம் நாள் இரவு, காய்ச்சல் இறங்கி அவள் தூங்கும்போது, அவர் செல்லில் எந்தெந்த ஹோட்டலுக்கு எவ்வளவு பாயின்ட் என்று பார்த்துக்கொண்டிருந்தார், நான் எட்டிப் பார்த்து, "இது நல்லா இருக்கே, குழந்தைங்களுக்குத் தனியா தண்ணித் தொட்டி இருக்கு" என்றேன். சிரித்தேன் கூட. சலைன் சொட்டிக்கொண்டிருந்தது, நான் நீச்சல் தொட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் மீன் போட்ட நீச்சலுடை வாங்கினதும் நான்தான். தண்ணீரில் போடுகிற டயப்பர் தனியாக, தொப்பி தனியாக, வெயிலுக்குப் பூசுகிற குழந்தை க்ரீம் தனியாக. பையில் எல்லாம் இருக்கிறது. மாத்திரை இல்லை.

மாத்திரை இல்லை. இதை இவ்வளவு நேரம் நினைக்காமல் சுற்றிச் சுற்றி வந்தேன். டாக்டர் தெளிவாகச் சொன்னார், இனி எப்போது காய்ச்சல் வந்தாலும் காய்ச்சல் மருந்தோடு ஃபிட்ஸ் வராமலிருக்க இந்த மாத்திரையையும் உடனே ஆரம்பித்துவிடுங்கள், மூன்று நாள், எங்கே போனாலும் கையிலேயே இருக்கட்டும் அம்மா. கையிலேயே. அது ஃப்ரிட்ஜ் கதவில், நீலமூடி டப்பாவில், அயனாவரத்தில் இருக்கிறது. திருவான்மியூர் சிக்னலில் அவர் கேட்டார், "மாத்திரை எடுத்தியா?" என்று. எடுத்தேனா என்று எனக்கே தெரியவில்லை. எடுக்கவில்லை என்றால் வண்டியைத் திருப்புவாரா, திட்டுவாரா, திட்டிக்கொண்டே திருப்புவாரா, செக்-இன் லேட்டாகுமே என்பாரா. "ம்" என்றேன். ஒரே எழுத்து. இங்கே வந்ததும் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன், பிறகு ஒவ்வொன்றாக அடுக்கினேன், ஒன்றும் நடக்காத மாதிரி சோபாவில் உட்கார்ந்தேன். அவர் மேல் எனக்கிருக்கிற கோபத்தில் பாதி அந்த ம் மேல் உள்ள கோபம். பாதிதான். முழுசையும் நானே எடுத்துக்கொள்ளமாட்டேன், இதுவரை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

சாக்ஸைக் கழற்றினேன். உள்ளங்கால் சில்லென்று இருக்கிறது. கால் ஜில்லிட்டு உடம்பு சுட்டால் ஜுரம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ் சொல்லிக்கொடுத்தது. என் விரலே சில்லிட்டிருக்கிறது, அதற்கே அவள் கால் சில்லென்று படுகிறதென்றால். அவளை அப்படியே தூக்கிக்கொண்டு மேஜைக்குப் போனேன்.

"கிரி, இவளுக்குக் காய்ச்சல் அடிக்குது."

அவர் புறங்கையை அவள் கன்னத்தில் வைத்தார். "வெயில்ல வந்திருக்கோம்ல. ஏசியில உக்காந்தா சரியாயிடும்."

"ஒரு மணி நேரமா ஏசியிலதான் உக்காந்திருக்கேன்."

"சரி, மாத்திரையைக் குடு. எடுத்தேன்னு சொன்னியே."

"எடுத்துட்டு வரல."

என்னைப் பார்த்தார். ஷெரின் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "சிக்னல்ல கேட்டேனா இல்லையா? ம்-னு சொன்னியா இல்லையா? நீச்சல் டிரஸ் எடுக்கத் தெரியுது, தொப்பி எடுக்கத் தெரியுது." பல்லைக் கடித்து, சிரித்த முகத்தோடு, பார்ப்பவர்களுக்கு ஏதோ கொஞ்சுகிற மாதிரி தெரியும். "இதுக்குத்தான் லிஸ்ட் எழுதுன்னு சொல்றது. கான்வென்ட்ல என்னதான் சொல்லிக்குடுத்தாங்களோ."

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"போலாம். யார் வேணாம்னா? இன்னும் ஒரு மணி நேரம். ரெண்டு மணிக்கு செக்-இன் பண்ணிட்டுப் போயிடலாம்."

"இப்ப போலாம்."

"மஞ்சு, கார்டு என் பேர்ல இருக்கு. நான் இங்க நேர்ல நிக்கணும். இல்லன்னா நோ-ஷோ, ஆளே வரலன்னு போட்டுருவான், மொத்தமும் போயிடும். நீ வேணா ரோட்டு மருந்துக் கடையில கேளு."

"டாக்டர் சீட்டு இல்லாம அந்த மாத்திரையைக் குடுக்கமாட்டாங்க."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வெச்சிருக்க."

எல்லாத்துக்கும் பதில் வைத்திருக்கிறேனாம். ஒரு பதிலைக் கூட இதுவரை வெளியே எடுத்ததில்லை ஐயா, எல்லாம் புத்தம் புதிதாக மடிப்புக் கலையாமல் உள்ளே இருக்கிறது. கைப்பையில் காய்ச்சல் மருந்து இருந்தது, அதையாவது கொண்டுவந்தேன், மேஜை மேலேயே மிதுளாவை உட்காரவைத்து ஃபில்லரால் அளந்து வாயோரமாக விட்டேன். பாதியைத் துப்பினாள். சட்டையைக் கழற்றினேன். வேறொரு குடும்பம் தள்ளி நின்றது, பட்டுச்சேலை கட்டின அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், எங்கள் மாதிரி ஆட்களை இந்த மாதிரி இடத்தில் விட்டால் இப்படித்தான் என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும், நான் பத்து வருஷம் முழங்காலைச் சேர்த்துவைத்து உட்கார்ந்தவள், எனக்கு இப்போது என் குழந்தையின் வயிற்றைப் பார்க்க வேண்டும், மூச்சு எப்படி வாங்குகிறது என்று பார்க்க வேண்டும். கண் செருகுகிறதா? இல்லை. தூக்கக்கலக்கம். கை துடிக்கிறதா? அது நான் பிடித்திருப்பதால், துடிப்பது என் கை. அருள் நிறைந்த மரியே என்று எனக்குள் யாரோ ஆரம்பித்தார்கள், நெற்றியில் திருநீறு பூசிக்கொள்கிற வீட்டில் பிறந்தவளுக்குப் பயத்தில் வருகிற சாமி இது, ஆரம்பித்து இரண்டாவது வரியில் சிக்கிக்கொண்டு மறுபடி முதல் வரிக்கே வந்தது.

ஷெரின் மேஜைக்கு அடியில் எதையோ துழாவினாள். கொரோனா காலத்தில் வாசலில் எல்லார் நெற்றியிலும் காட்டுவார்களே, துப்பாக்கி மாதிரித் தெர்மாமீட்டர், அது. பாட்டரி இருக்கா பாக்கறேன் மேம் என்று தன் நெற்றியிலேயே முதலில் காட்டிப் பார்த்தாள். அப்புறம் மிதுளாவின் நெற்றியில். பீப்.

நூற்றியொன்று புள்ளி ஒன்பது.

விசித்திரம், எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி என் விரலை நம்ப வேண்டியதில்லை, உதட்டை நம்ப வேண்டியதில்லை. ஒரு மணி நேரமாக இருந்த சூடா இல்லையா என்ற கேள்வி போய்விட்டது, அது போன இடத்தில் கோபம் மட்டும் நின்றது, தனியாக, தெளிவாக, கழுவின பாத்திரம் மாதிரி.

ஷெரின் யாருக்கோ போன் போட்டாள். மலையாளத்தில் வேகமாகப் பேசினாள், குழந்தை என்றும் பனி என்றும் காதில் விழுந்தது, அவர்கள் பாஷையில் பனி என்றால் காய்ச்சல். போனை வைத்துவிட்டு, "சார், இருநூத்தி ஏழு ரெடியா இருக்கு. மேனேஜர் இப்பவே குடுக்கச் சொல்லிட்டார். கடல் பாத்த ரூம் சார். எக்ஸ்ட்ரா எதுவும் வேணாம்" என்றாள்.

கிரி என் பக்கம் திரும்பினார். நான் சாகும்வரை மறக்கமாட்டேன் அந்த முகத்தை. கெட்டவனின் முகம் இல்லை அது, அப்படி இருந்தால் கூடப் பரவாயில்லை. அரைப்பரீட்சையில் முதல் ரேங்க் வாங்கின பையனின் முகம். என் காதருகே குனிந்து, "பாத்தியா, சீ வியூவே குடுத்துட்டாங்க" என்றார்.

குழந்தைக்கு நூற்றியொன்று புள்ளி ஒன்பது. அதற்கும் ஏதோ கிடைத்துவிட்டது இவருக்கு.

"டாக்டரைக் கூப்பிட்டா முக்கால் மணி நேரம் ஆகும் மேம்," ஷெரின் என்னிடம்தான் சொன்னாள், "கேளம்பாக்கம் பக்கத்துல குழந்தைங்க டாக்டரோட ஹாஸ்பிடல் இருக்கு. எங்க வண்டி வாசல்லயே நிக்குது."

"வண்டியெல்லாம் எதுக்கு, நம்ம கார் இருக்கு," என்றார் கிரி. "பார்க்கிங்லேர்ந்து எடுக்கச் சொல்லுங்க. அதுக்குள்ள நான் ஃபார்மை முடிச்சிடறேன். ரெண்டே நிமிஷம் மஞ்சு. ரூம் கையில இருந்தா குழந்தையக் கூட்டிட்டு வந்து படுக்க வெக்கலாம்ல? அவளுக்குத்தானே."

அவளுக்குத்தான். எல்லாம் அவளுக்குத்தான். அவர் பேனாவை எடுத்தார். மூன்று பக்க ஃபார்ம். பெயரை எழுதினார், பெரிய எழுத்தில், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எழுத்தாக. வீட்டு விலாசத்தில் பின்கோடு ஞாபகமில்லாமல் செல்லை எடுத்துப் பார்த்தார்.

"அந்தப் பேனாவைக் கீழ வைங்க."

யார் குரல் இது? லாபி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பட்டுச்சேலை அம்மாள் பார்த்தாள், பெட்டி தள்ளுகிறவர் பார்த்தார். இந்தக் குரல் என் தொண்டையில் எங்கே இருந்தது இத்தனை வருஷம்? மிதுளா மிரண்டுபோய் ஓவென்று அழ ஆரம்பித்தாள், நல்லா அழு, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அழு, அழுதால் நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

"டென்ஷன் ஆகாத மஞ்சு, எல்லாரும் பாக்கறாங்க," என்றார், குரலை இறக்கி. "கடைசிப் பக்கம்தான்."

"கெட்டுப்போகாதுன்னு உங்களுக்கு அன்னிக்கும் தெரியாது. இன்னிக்கும் தெரியாது."

அவருக்குப் புரியவில்லை. எதைச் சொல்கிறேன் என்று நெற்றியைச் சுருக்கிப் பார்த்தார், பார்த்துக்கொண்டே, கை தன்பாட்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தேடியது.

நான் திரும்பி நடந்தேன். பையை எடுக்கவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டார்கள், வெளியே வெயில் சுவர் மாதிரி நின்றது, அதற்குள்ளே நுழைந்தேன், சட்டையில்லாத குழந்தையோடு. வெள்ளை வண்டி. பின்னாலேயே ஓடிவந்த ஷெரின் டிரைவரிடம் இடத்தைச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். வண்டியில் இருந்த தண்ணீர் பாட்டிலில் கைக்குட்டையை நனைத்து மிதுளாவின் நெஞ்சில் வைத்தேன், அழுகை விம்மலாயிற்று, என் விரலைப் பிடித்தாள், இறுக்கமாக, வலிக்கிற மாதிரி. பிடி. டிரைவர் வயசானவர், கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார்.

"சாரும் வராருங்களா மேடம்? நிக்கட்டுமா?"

"சார் செக்-இன் பண்ணிட்டு இருக்கார்," என்றேன். "நீங்க எடுங்க."